சிறு நகரமும் அதன் தலைவரும்

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரித் திங்கள் முடிவதற்குள் ஒருமுறையும் ஆகஸ்டுத் திங்கள் முடிவதற்குள் மறுமுறையும், மலேசியாவில் வீடுடையோர் மதிப்பீட்டு வரி செலுத்துகின்றனர். கால்வாயைத் தூர்வாரவும், தெருவிளக்கை எரியவைக்கவும், சந்தைக் கட்டடத்தைக் கழுவவும், திடலில் புல் வெட்டவும் அப்பணம் பயன்படுகிறது. பணத்தைக் கட்டிவிட்டு மாவட்ட மன்ற அலுவலகத்தின் படியிறங்கி வரும் ஒருவரை நிறுத்தி, “இம்மன்றத்தின் தலைவர் யார்?” என்று வினவினால், பெரும்பாலும் அவர் விழிப்பார். நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் அவருக்குத் தெரியும். சட்டமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியினர் என்பதும் தெரியும். அமெரிக்க அதிபரின் பெயரும் தெரியும். தம் வீட்டு வாயிலில் ஓடும் கால்வாய்க்குப் பொறுப்பானவரின் பெயர் மட்டும் தெரியாது. இஃது அவருடைய குற்றமன்று. அப்பெயரை அறிந்துகொண்டு அவர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பதே காரணம்.

சிறு நகரத்தின் தலைவரை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்னும் வினா, ஆட்சித்துறை பற்றிய ஒன்றாகவே இதுகாறும் பேசப்பட்டு வருகிறது. செலவு எவ்வளவு ஆகும், திறமை கூடுமா குறையுமா, கட்சிச் சண்டை மிகுமா என்றெல்லாம் கேட்கின்றனர். அவை கேட்கத்தக்கனவே. ஆயினும் அவற்றின் அடியில் ஓர் அறவினா கிடக்கிறது. கால்வாய் ஒழுங்காக ஓடுமாயின், அதனை ஓடச் செய்பவரைத் தேரும் உரிமை இல்லாமற் போவதால் மனிதன் எதையேனும் இழக்கின்றானா? நன்மை கிடைத்தால் போதுமா, அந்நன்மை நம்மைக் கேட்டுச் செய்யப்பட்டதாகவும் இருத்தல் வேண்டுமா?

இந்நாட்டவர்க்கு இவ்வினா புதியதன்று. ஒரு காலத்தில் கையிலிருந்து, பின்னர் நழுவிப்போன பொருளைப் பற்றிய வினா அது. 1951ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்திற்குத் தேர்தல் நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்தது. அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து நின்றது அந்தக் கோலாலம்பூர்த் தேர்தலிலேதான்; அங்குள்ள 12 இடங்களில் 9 இடங்களை அவ்விரு கட்சியினரும் சேர்ந்து வென்றனர். நாட்டின் விடுதலையைப் பெற்றுத்தந்த கூட்டணி, பெரிய கொள்கை மாநாடு எதிலும் பிறக்கவில்லை; சாக்கடையையும் சந்தையையும் கவனிக்கும் ஒரு மன்றத்திற்கான தேர்தலில் பிறந்தது. வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இவ்வொன்றை மாணவர்க்குச் சற்று அழுத்திச் சொல்லலாம். அக்காலத்தில் புதுக்கிராமங்களுங்கூடத் தத்தமக்கு உள்ளூர் மன்றங்களைத் தேர்ந்தெடுத்தன.

இந்தோனேசியாவின் மோதற்கொள்கை நாட்டை அச்சுறுத்திய வேளையில், 1965ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் அவையும் திரும்பும் என்பதே அன்று தரப்பட்ட உறுதி. மோதல் 1966இல் ஓய்ந்தது. தேர்தல் திரும்பவில்லை. இதற்கிடையே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, நாட்டின் ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டிறுதியில் தன் அறிக்கையை அளித்தது. மன்றங்களில் குறைகள் உள. எனினும் தேர்தல் முறையைக் கைவிடலாகாது என்பது அக்குழுவின் பரிந்துரை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தீபகற்பத்தில் இன்று ஒவ்வொரு மன்றத்திற்கும் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தலைவரையும் அதுவே நியமிக்கிறது. நாட்டின் உள்ளாட்சி வரலாற்றில் மிகுதியும் பேசப்படும் அறிக்கை ஒரு தமிழரின் பெயரால் வழங்குவதை நம் மாணவருட் பலர் அறியார்.

இனி, ‘நேரடியாக’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். மன்றத்தைத் தேர்வது வேறு. தலைவரைத் தேர்வது வேறு. 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகர் ஆயிற்று. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். சீனர் பெரும்பான்மையராய் வாழ்ந்த நகரில் ஓர் இந்தியர் மேயரானார் என்று பெருமையோடு குறிப்பிடுகின்றோம். பினாங்கில் ஒரு சாலையும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், அவரை மேயராக்கியவர்கள் மன்ற உறுப்பினர்கள். மக்கள் உறுப்பினரைத் தேர்ந்தனர். உறுப்பினர்கள் தலைவரைத் தேர்ந்தனர். சிங்கப்பூரிலும் அவ்வாறே. 1957 டிசம்பர்த் தேர்தலில் 32 இடங்களில் 13 இடங்களே பெற்ற மக்கள் செயல் கட்சியின் ஓங் எங் குவான் மன்றத்தினரால் மேயராகத் தெரிவு செய்யப்பட்டார். பதவியேற்றதும் மன்றத்தின் செங்கோலை அகற்றச் செய்தவர் அவர். 1959இல் அம்மன்றத்தின் பணிகளே அரசாங்கத்தின் கைக்கு மாறிவிட்டன. ஆக, இவ்விரு நாடுகளும் தேர்தலை அறிந்தவை. நகரத் தலைவரை மக்கள் நேரே தேரும் முறையை அறியாதவை.

ஜார்ஜ் டவுன் மக்கள் நேரே வாக்களித்திருந்தால் இராமநாதன் வென்றிருப்பாரா? அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. இனத்தைப் பின்னுக்குத் தள்ளி உழைப்பாளி என்னும் அடையாளத்தை முன்னிறுத்திய ஒரு கட்சி, தன் உறுப்பினர்களுக்குள் கலந்து பேசி எடுத்த முடிவு அது. பல்லாயிரவர் வாக்குச்சாவடியில் தனித்தனியே நின்று அதே முடிவுக்கு வந்திருப்பர் என்று நம்புவதற்கு நிறைந்த நன்னம்பிக்கை வேண்டும். நேரடித் தேர்தலை விரும்பும் தமிழர் எவரும் இவ்விடத்தைக் கண்மூடிக் கடந்துவிடலாகாது.

ஆசிரியர்கள் நாள்தோறும் காணும் ஒரு காட்சி இங்கு உதவும். ஆண்டின் தொடக்கத்தில் வகுப்புத் தலைவனை ஆசிரியர் நியமிக்கிறார். அம்மாணவன் கரும்பலகையின் மூலையில் பேசியவர் பெயர்களை எழுதுகிறான். அவன் முகம் எப்பொழுதும் ஆசிரியர் வரும் வாயிலை நோக்கியே இருக்கும். வகுப்பு அமைதியாக இருக்கிறது. ஆனால் அவ்வமைதி ஆசிரியருடையது, வகுப்பினுடையது அன்று. அடுத்த அறையில் மற்றோர் ஆசிரியர் மாணவரையே கைதூக்கித் தெரிவு செய்யச் சொல்கிறார். வேடிக்கைப் பேச்சில் வல்ல ஒருவன் வெல்கிறான். அவன் தன் நண்பர் பெயரை எழுதுவதில்லை. முதல் வாரம் இரைச்சல் மிகுகிறது. இரண்டாம் திங்களில் வேறொன்றும் நிகழ்கிறது. வகுப்பு முழுவதும் தண்டனை பெற்ற ஒரு நாளில் மாணவர் அவனைச் சூழ்ந்து கொண்டு, “உன்னைத் தேர்ந்தது இதற்கா?” என்று கேட்கின்றனர். அக்கேள்வியை முதல் வகுப்பு மாணவர் தம் தலைவனிடம் கேட்க இயலாது. கேட்டாலும், “ஆசிரியரைப் போய்க் கேள்” என்பான். இரண்டு முறையிலும் குறை உண்டு. ஆனால் ஒன்றில்தான் அந்தக் கேள்விக்கு இடமுண்டு.

நியமன முறைக்குச் சார்பாகக் கூறப்படும் காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊராட்சிப் பணி தொழில்நுட்பம் சார்ந்தது, அதற்குப் பயிற்சி பெற்ற அதிகாரி வேண்டும் என்பர். உண்மைதான், அதனாலேயே எந்த மன்றத்திலும் பொறியாளரும் கணக்காளரும் சம்பளத்திற்கு இருக்கின்றனர். தலைவர் பாலத்தைக் கட்டுபவர் அல்லர். எந்தப் பாலத்தை முதலில் கட்டுவது என்று முடிவு செய்பவர். மக்கள் ஏற்கெனவே நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் வாக்களிக்கின்றனர், மூன்றாவது வாக்கு எதற்கு என்பர். சட்டமன்றத்திற்கு வாக்களிக்கும்போது அங்காடிக் கடை உரிமத்தை மனத்திற் கொண்டு வாக்களிப்பவர் எத்துணைப் பேர்? 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்தவர்க்கு இந்நாட்டில் வாக்குரிமை உண்டு. ஆறாம் படிவ மாணவர் ஒருவர் நாட்டின் தற்காப்புக் கொள்கையைப் பற்றி வாக்களிக்கலாம். தம் பள்ளி வாயிலில் நடைகடப்பு வேண்டும் என்பதற்கு வாக்களிக்க முடியாது.

மூன்றாவது காரணம் கனமானது. ஊராட்சித் தேர்தல் இனங்களை மோதவிடும் என்பது அது. 2018ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பின் இத்தேர்தல்களை மீட்கும் பேச்சு எழுந்தபோதும் இக்காரணமே கூறப்பட்டு அப்பேச்சு அடங்கியது. நகரங்களில் ஓர் இனத்தாரும் சுற்றுப்புறங்களில் மற்றோர் இனத்தாரும் மிகுந்து வாழும் நாட்டில் இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று. இந்திய சமூகத்தின் நிலையோ இன்னும் நுட்பமானது. ஒரு சிறு நகரத்தில் பத்துப் பேருக்கு ஒருவராக வாழ்வோர், ஒரே ஒருவரைத் தேரும் தேர்தலில் தம்மவர் ஒருவர் வெல்வார் என்று எதிர்பார்க்க இயலாது. நியமன முறையிலோ, கட்சிகளுக்குள் இடங்களைப் பங்கிடும்போது ஓர் இடமேனும் தம்மவர்க்கு வருகிறது. கோயில் நிலத்தைப் பற்றியும், தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் சாலையைப் பற்றியும், இடுகாட்டைப் பற்றியும் பேச ஒரு நாக்கு இருக்கிறது. இதனை இழக்கத் துணிவது அறிவுடைமையா என்று முதியோர் கேட்கின்றனர். கேட்பவர்கள் கோழைகள் அல்லர். தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து நகரோரத்தில் குடியேறியவர்கள், ஒரு தண்ணீர்க் குழாய்க்காக அலைந்தவர்கள்.

அவர்களுக்குச் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றுண்டு. அது முழு மறுமொழி ஆகாது. நியமனத்தால் வந்த நாக்கு, நியமித்தவர் முகம் சுளிக்கும் எல்லை வரையில்தான் பேசும். அவ்வெல்லை எது என்பதை அது தானே பழகிக்கொள்ளும். மாறாக, இருவர் போட்டியிடும் தேர்தலில் பத்தில் ஒரு பங்கு வாக்கு என்பது வெற்றியைத் திருப்பக்கூடிய எடை. அவ்வெடைக்காக இரு வேட்பாளரும் அம்மக்களின் தெருவுக்கு வந்தே ஆக வேண்டும். தம்மவர் வெல்வதும், வெல்பவர் தம்மைத் தேடி வருவதும் வெவ்வேறு. இரண்டாவது கீழானது என்று கருத வேண்டியதில்லை. ஆனால், வேட்பாளர் ஒருவர் சிறுபான்மையைத் தேடி வருவதற்குப் பதிலாகச் சிறுபான்மையைக் காட்டிப் பெரும்பான்மையை அச்சுறுத்தி வாக்குத் திரட்டினால் என் செய்வது? அத்தகையவர் தோன்ற மாட்டார் என்று எவரும் உறுதி கூற இயலாது. தேர்தல் விதி அவருக்குத் துணைபோகாமல் பார்த்துக் கொள்வதே ஆகக்கூடியது. நால்வர் போட்டியில் நூற்றுக்கு முப்பது வாக்குப் பெற்றவர் வென்றதாக அறிவிக்கும் விதி, குறுகிய கூட்டத்தைத் தூண்டிவிடுபவருக்கு ஏற்றது. பாதிக்கு மேல் பெறாவிடில் முதல் இருவர்க்குள் மறுமுறை வாக்கெடுப்பு என்னும் விதி, பிறர் வாக்கையும் நாடச் செய்கிறது. இத்தாலியில் 1993ஆம் ஆண்டு முதல் நகரத் தலைவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 15,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களில் இந்த இரட்டை வாக்கெடுப்பு உண்டு. அதனிற் சிறிய ஊர்களில் ஒரே வாக்கெடுப்புத்தான். பல இனம் வாழும் சிறு ஊருக்கு இரட்டை வாக்கெடுப்பே பொருந்தும் என்று தோன்றுகிறது.

நேரடித் தேர்தலை ஏளனம் செய்வோர் எடுத்துக்காட்டும் ஊர் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஏறத்தாழ 90,000 பேர் வாழும் ஹார்ட்டில்பூல். 2002ஆம் ஆண்டு அவ்வூர் முதன்முதலாகத் தன் மேயரை நேரே தேர்ந்தெடுத்தது. வென்றவர் ஸ்டூவர்ட் டிரமண்ட். உள்ளூர்க் காற்பந்துக் குழுவின் ஆட்டங்களில் குரங்கு வேடமிட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவர் அவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது அவர் அளித்த வாக்குறுதி! மக்களாட்சி குரங்காட்டம் ஆயிற்று என்று செய்தித்தாள்கள் எழுதுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கதை அங்கு முடியவில்லை. வேடத்தைக் களைந்த அவ்விளைஞர் அலுவலைக் கற்றுக்கொண்டார். 2005இலும் 2009இலும் அவ்வூரார் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். பின்னர் 2012 நவம்பரில், மேயர் பதவியே வேண்டா, மன்ற முறைக்கே திரும்புவோம் என்று அதே ஊரார் வாக்களித்து முடிவு செய்தனர். சிரித்தவர்கள் முதற் பகுதியை மட்டும் சொல்கின்றனர். ஓர் ஊர் விளையாட்டாகத் தேர்ந்தது, பின் பொறுப்பாகத் தேர்ந்தது, பின்னர் அம்முறையையே எண்ணிப் பார்த்து விட்டுவிட்டது. இம்மூன்றையும் செய்தவர்கள் அவ்வூர் மக்களே.

அண்மையில் உள்ள இந்தோனேசியாவில் 2005 முதல் நகரத் தலைவரும் மாவட்டத் தலைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சோலோ என்று வழங்கும் சுராகார்த்தா நகரில் அவ்வாண்டு வென்றவர் அறைகலன் வணிகராகிய ஜோக்கோ விடோடோ. பஞ்சார்சாரிப் பூங்காவில் நெருங்கிக் கிடந்த நூற்றுக்கணக்கான பழம்பொருள் வணிகர்களைப் பெயர்க்க வேண்டியிருந்தது. காவலரை ஏவிக் கடைகளை இடிப்பது வழக்கமான வழி. அவரோ அவ்வணிகர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து விருந்திட்டார். ஒருமுறை அன்று, பலமுறை. நெடுநாள் இடம்பெயரும் பேச்சையே எடுக்கவில்லை. 2006இல் அவர்கள் ஊர்வலமாகப் புதிய சந்தைக்குப் போயினர். 2010இல் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட வாக்குகளால் அவர் மீண்டும் வென்றார். இந்நிகழ்ச்சியில் அவர் நல்லியல்புக்குப் பங்குண்டு. அவ்வணிகர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வாக்கு இருந்தமைக்கும் பங்குண்டு. விருந்திட வேண்டும் என்று எண்ணுவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. விருந்திடாவிட்டால் என்ன ஆகும் என்னும் எண்ணமும் சற்று வேண்டும்.

அந்நாட்டிலேயே இதன் மறுபக்கத்தையும் காணலாம். வேட்பாளர்கள் பெருஞ்செலவு செய்து வெல்கின்றனர். வென்றபின் அச்செலவை ஒப்பந்தங்களில் மீட்க முயன்று ஊழல் வழக்கில் சிக்கியோர் பலர். இதனைக் காட்டி 2014 செப்டம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நேரடித் தேர்தலையே நீக்கிச் சட்டம் இயற்றியது. மக்களின் சினம் பொங்கியது. சில நாட்களில் அதிபரின் அவசர ஆணை அச்சட்டத்தை மாற்றிவிட்டது. குறைகளை அறிந்திருந்தும் அம்மக்கள் அவ்வுரிமையை விடவில்லை.

சிறு நகரம் பெருநகரின் சுருங்கிய வடிவம் அன்று. அதன் இயல்பே வேறு. அங்கு வேட்பாளரின் தந்தை யார், கடன் எவ்வளவு, தொழிலாளர்க்குக் கூலியை எந்த நாளில் கொடுப்பார் என்பதெல்லாம் காப்பிக்கடையில் அறிந்த செய்தி. எனவே ஆளைத் தேர்வது எளிது. தேர்ந்தபின் எதிர்த்துப் பேசுவதோ அரிது. பெருநகரில் மேயரைக் குறைகூறுபவர் மறுநாள் அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. சிறு நகரில் அவர் தம்பி கடையில் அரிசி வாங்க வேண்டும்; அவர் மாமன் இருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் உட்கார வேண்டும். நாளிதழ் நிருபர் அங்கு இல்லை. இருந்தாலும் அவர் திருமண விழாச் செய்தி அனுப்புபவர். மரக்கடை முதலாளியோ கட்டடக் குத்தகைக்காரரோ ஒருவர் ஊரையே தம் கைக்குள் வைத்திருத்தல் கூடும். மக்கள் நேரே தேர்ந்த தலைவர் என்னும் பட்டமும் அத்தகையவர்க்குச் சேர்ந்துவிட்டால், “ஊரே என் பக்கம்” என்று அவர் சொல்வதை மறுக்க யாருக்குத் துணிவு வரும்? நியமிக்கப்பட்டவரையேனும் மேலிடத்திற்கு எழுதி மாற்றலாம்.

குடவோலை முறையைக் காட்டி, நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இதனையெல்லாம் கண்டனர் என்று மேடையில் முழங்குவது நம்மவர் வழக்கம். 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அவர்கள் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நன்று. அங்கு நடந்தது வாக்கெடுப்பு அன்று; குடத்திலிட்ட ஓலையைச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த திருவுளச் சீட்டு. ஓலையில் பெயர் இடம்பெறுவதற்கு நிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் வேண்டும். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கு இடமில்லை. எனினும், அக்கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்தாளத்தக்க ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரக்கூடாது. உறவினரையும் சேர்த்து விலக்கினார்களே, அதில் சிறிய ஊரின் இயல்பை நன்கறிந்தவர்களின் கை தெரிகிறது.

ஆதலால், சிறு நகரத்திற்கு நேரடித் தலைவர் வேண்டுமா என்பதைத் தனித்து விடுத்து விடை காண இயலாது. அவரெதிரே யார் உட்கார்ந்திருப்பர் என்பதையும் உடன் கேட்க வேண்டும். மன்றம் நியமன மன்றமாகவே நீடிக்கத் தலைவர் மட்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவாராயின், அவரைத் தட்டிக் கேட்க மன்றத்தில் எவர்க்கும் தகுதி இராது; எவரும் அவரளவு வாக்குப் பெற்றவர் அல்லரே. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று தனி அதிகாரமே வகுத்தது முடியரசுக்கு. வாக்கால் வந்தவர்க்கு அத்துணை இன்னும் மிகுதியாக வேண்டும். முடியரசர்க்கில்லாத ஒரு செருக்கு அவர்க்கு உண்டு. இத்தாலியின் முறையில் மன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் தலைவரை வீழ்த்தலாம். வீழ்த்தினால் மன்றமும் உடன் கலையும், இருவரும் மீண்டும் மக்கள்முன் போய் நிற்க வேண்டும். விளையாட்டாக வீழ்த்தவும் முடியாது, வீழ்த்தவே முடியாது என்னும் நிலையும் இல்லை.

மலேசியச் சிறு நகரங்களைப் பொறுத்தவரை, முதலில் திரும்ப வேண்டியது மன்ற உறுப்பினர் தேர்தலே. ஒருவரை மட்டும் தேரும் போட்டியில் காணாமற் போகும் சிறு சமூகம், பல இடங்களுக்கான தேர்தலில் தன் தெருவிலிருந்து ஒருவரை அனுப்ப வழியுண்டு. மன்றம் ஒரு தவணையேனும் வரவுசெலவைப் பார்த்துப் பழகியபின், தலைவரையும் நேரே தேர்வதா, மன்றத்தாரே தேர்வதா என்பதை அந்தந்த ஊரே வாக்களித்து முடிவு செய்யட்டும். ஒருகால் ஓரூர் ஒருவிதமாகவும் அண்டை ஊர் வேறுவிதமாகவும் முடிவு செய்யலாம். அதனால் வானம் இடிந்து விழாது. நேரடித் தேர்தலை உடனே தருவதே முழு உரிமை என்போர் இதனைக் கோழைத்தனம் எனக் கூடும். இராமநாதன் எவ்வாறு மேயரானார் என்பதை அவர்கள் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இதற்குச் சட்டம் மாற வேண்டும். பினாங்கு மாநிலம் 2012இல் தன் ஊராட்சித் தேர்தலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மாநிலத்திற்கு அவ்வதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. எனவே வழி நாடாளுமன்றத்தின் வாயிலாகவே உள்ளது. 1965இல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டபோது வாக்களிக்கும் வயதை அடைந்திருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். தம் ஊர் மன்றத்திற்கு ஒரு முறையேனும் வாக்களித்த நினைவுடையோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் எந்தச் சின்னத்திற்கு வாக்களித்தார்கள், வென்றவர் பின்னர் எந்தத் தெருவுக்கு விளக்குப் போட்டார் என்பதை மாணவர்கள் போய்க் கேட்டு எழுதி வைக்கலாம்.